தொண்டையில் தெரிந்த வெளிச்சம்

என் உடம்பு மின்மினி மாதிரி ஒளிரும் என்று நம்பி, ஸ்கேன் எடுக்கப் போன இடத்தின் கழிப்பறையில் விளக்கை அணைத்து, சட்டையைத் தூக்கி, வயிற்றைக் குனிந்து பார்த்த முட்டாள் நான்தான். தொந்தி இருந்தது. வெளிச்சம் இல்லை.

அந்த நினைப்பைத் தந்தவள் என் தங்கை மகள். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கண்ணுக்கு அகப்படாத துகள்கள் செய்கிறார்களாம். உடம்புக்குள் போனால் ஒளி பட்டு மினுங்கும், காந்த ஸ்கேனிலும் தெரியும். ஒரே மருந்து, இரண்டு படம். ‘இப்ப எலிக்கு மட்டுந்தான் போடுகோம்’ என்று அவள் சொன்னதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

எனக்குப் போட்டது வேறு ஊசி. கழுத்தில் வந்த புற்றுக்கட்டிக்கு மருந்தெல்லாம் ஏற்றி முடித்திருந்தார்கள். மிச்சம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன். “ஊசி போட்டா ஒரு மணிக்கூறு மிண்டப்பிடாது. வாயப் பொத்தி, கைகால் ஆட்டாம, அனங்காம கெடக்கணும்” என்றாள் நர்ஸ்.

நான் குளச்சலில் மீன் ஏலம் விளித்துப் பிழைக்கிறவன். பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். எனக்கு வாய் ஓடும். ஊசி போட்டு உட்காரவைத்த அறையில், பக்கத்து நாற்காலியில் திருவட்டாற்றுக்காரர் ஒருவர் முகம் வெளிறிச் சாய்ந்திருந்தார். அவரைச் சிரிக்கவைக்கிறேன் பேர்வழி என்று, மூலையில் நின்ற சக்கர நாற்காலியை நெய்மீனாக்கி, குசுகுசுவென்று ஏலத்துக்கு விட்டேன்.

“செவுளு செவப்பு பாரும்! யாராக்கும் கேக்கது?”

“சக்கரம் வச்ச மீனெ எனக்க வீட்டுக்காரி வீட்டுக்குள்ள கேத்தமாட்டா” என்றார் அவர்.

நர்ஸ் வந்து அழைக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

மறுநாள் டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “கழுத்து சுத்தம். ஆனா தொண்டையில, குரல் வர்ற எடத்துல, வெளிச்சம் தெரியுது. நாளைக்கு மூக்கு வழியா குழாய் விட்டுப் பாப்போம்.”

கறுப்புப் படத்தில் அந்த இடம் மட்டும் அடுப்புத் தணல் போலக் கனன்றது. என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. தொண்டை போய்விட்டால் கடற்கரையில் எனக்கு என்ன வேலை? வீடு வந்து சேர்ந்தும் யாரும் சாப்பிடவில்லை. தங்கை மகளுக்குப் போன் செய்தேன்.

“ஊசி போட்ட பெறவு பேசினியளா மாமா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“ஒரு நெய்மீன் அளவுக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “அது சீனி மாதிரி ஒரு மருந்து. வேலை செய்யுத தசை அதைக் குடிக்கும். கட்டியும் குடிக்கும். படத்துல ரெண்டும் ஒண்ணுபோலத்தான் எரியும். இது எதுன்னு நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும். டாக்டர்ட்ட மறைக்காம சொல்லுங்கோ.”

பேசித் தொலைத்த பேச்சாகவே அது இருக்கட்டும் என்று, கும்பிடத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். காலையில் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் குழாயை மூக்கில் விட்டார். கண்ணில் நீர் கொட்டியது.

“ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு” என்றார்.

வெளியே மனைவி பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

“கட்டியில்லியாம்! நான் பேசுன பேச்சாக்கும் வெளக்கா எரிஞ்சிருக்கு. எப்பிடி நம்ம தொண்ட?” என்றேன்.

“மிண்டாம நடயும்.”