கண்ணாடி போட்ட மந்திரவாதி

லண்டனிலிருந்து சித்தப்பா என் பத்தாவது பிறந்தநாளுக்கு அனுப்பிய பெட்டியில் இருந்தவை பொம்மைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அவர்கள் வீரர்கள். சுண்டுவிரல் உயரத்தில், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், வில்லாளி, மந்திரவாதி, கோடரிக் குள்ளன், பூதங்கள். டைஸ் உருட்டி, மேசையையே ஒரு ராச்சியமாக்கி விளையாட வேண்டும். கூடவே ஆறு சின்ன டின்களில் பெயின்ட்டும் இருந்தது.

கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் குறுகிய ஒழுங்கையில் எனக்கு மூன்று நண்பர்கள்: ஜெகன், ரிஸ்வான், சுரேன். ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேசையில் போர் நடக்கும். ஆளுக்கொரு வீரனுக்கு நிறம் தீட்டிப் பரிசளிக்கப்போவதாக நான் அறிவித்திருந்தேன். முதலில் சுரேனுக்கு வில்லாளி. பச்சைப் பெயின்ட் தடிப்பாக விழுந்து, வில்லும் கையும் ஒட்டிக்கொண்டு, முருங்கைக்காய் பிடித்தவன் போல அவன் நின்றான். ஆனாலும் சுரேன் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனான். அந்தக் கிழமை ஏழு நாளும் நான்தான் ராசா.

பிறகு பெரியம்மாவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தார். பதினெட்டு வயது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட்டின் அழைப்புக்காக எங்கள் முன்னறையில் காத்திருந்தார். சோதனைச்சாவடி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வெளியே இறங்கினால் பிடிப்பார்கள் என்று பெரியவர்கள் குரலைத் தணித்துக் கதைத்தார்கள். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் எங்கும் போகமாட்டார்.

ஊரில் சைக்கிள்களுக்குப் பெயர் எழுதிப் பழகிய கை அவருடையது. என் தூரிகையில் மூன்று மயிர்களை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்தார். பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்தார். ஒரு கிழமையில் மந்திரவாதிக்குக் கண் வந்தது, நகம் வந்தது, கடைசியில் ஜெகன் போடுவது போலவே ஒரு கறுப்புக் கண்ணாடியும் வந்தது.

"டேய், இது நானடா!" என்று ஜெகன் கத்தினான்.

ரிஸ்வான் தனக்குக் குள்ளன் வேண்டுமென்றான். சுரேன் அதைவிட மோசம். என் வில்லாளியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டி, "இதையும் ஒருக்கா சரிசெய்து தருவீங்களா அண்ணா?" என்றான்.

"ஏன்? தம்பி வடிவாத்தானே செய்திருக்கிறான். உமக்கு நான் ஒரு பூதம் செய்து தாறன்."

அந்த நல்ல வார்த்தைதான் என்னை எரித்தது. என் பெட்டி, என் பெயின்ட், என் நண்பர்கள். "தம்பிக்கு என்ன வேணும்?" என்று அவர் பிறகு கேட்டபோது, "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் அவர்கள் என்னோடு விளையாட வந்தார்களா, அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வந்தார்களா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை மூவரையும் சந்தியில் மறித்தேன்.

"அண்ணாவுக்குக் கொப்புளிப்பான், அம்மை போட்டிருக்கு. வீட்டுப் பக்கம் வராதேங்கோ. நாளைக்கு ஜெகன் வீட்டில விளையாடுவம்."

மறுநாள் அண்ணா முழுகி, தலை இழுத்துச் சீவி, அம்மா அயர்ன் பண்ணிக் கொடுத்த சேர்ட்டைப் போட்டிருந்தார். முடிந்த குள்ளனும் பூதமும் மேசையில் விரித்த பேப்பரின்மேல் நின்றார்கள். "பொடியள் எத்தினை மணிக்கு வருவாங்கள்?" என்றார். எனக்கு டியூசன் என்று சொல்லிவிட்டு, மற்ற வீரர்களைப் புத்தகப் பையில் ஒளித்துக்கொண்டு இறங்கினேன்.

பின்னேரம் திரும்பியபோதும் அவர் யன்னலோரக் கதிரையிலேயே இருந்தார். சேர்ட் கசங்கவில்லை.

"அவங்களுக்கு என்னில ஏதும் கோவமோ?"

"தெரியாது," என்றேன். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு மிகவும் ருசித்தது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தால் வந்தபோது முன்னறை காலியாக இருந்தது. ஏஜென்ட்டின் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். மேசையில் ஒரு பொட்டலம். அதன்மேல் ரிஸ்வான், சுரேன் என்று அழகான எழுத்தில் இரண்டு பெயர்கள். மூன்றாவதாக ஏதும் இருக்குமோ என்று கடதாசியை உதறிப் பார்த்தேன். இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். நோய் வீட்டுச் சாமான் என்று ரிஸ்வானின் உம்மா குள்ளனைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்தாராம். கோடரி வாடிய கீரைத்தண்டு போல வளைந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அழுதான்.

அன்று மாலை அம்மா முன்னறைப் பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "ரெண்டரை மாசம் இருந்தும் கடலைக்கூடப் பாக்காமப் போயிட்டுது பிள்ளை."

எங்கள் கேற்றைத் திறந்து இருநூறு அடி நடந்தால் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கடல். என்னைக் கேட்டிருந்தால் நான் கூட்டிக்கொண்டு போயிருப்பேனே என்று நினைத்தேன். ஒருநாளும் கேட்கவில்லையே என்று அதற்கும் அவர்மேல் கோபம் வந்தது.