லிடியாவுக்காக முன் ரூம்

வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மாடிமேல் மாடியாக நிற்கும் பச்சை வீட்டுக்குச் சொந்தக்காரி அந்தோணிமேரி. அதனால் அவள் ராணி மாதிரி வாழ்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருப்பது அடுப்பங்கரையும் அதை ஒட்டிய ஒரு சின்ன அறையும்தான். மீதியெல்லாம் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டாயிற்று. தன் வீட்டுக் குளியலறைக்கே அவள் காத்து நிற்க வேண்டும். முன்னால் நிற்கும் பையன் மனமிரங்கி, "நீங்க போங்கக்கா, என் பஸ் லேட்டு" என்றால்தான் உள்ளே போகலாம். சொந்த வீட்டில் விருந்தாளியைப் போல ஒதுங்கி நிற்கும் வேதனை, அப்படி நின்றவளுக்குத்தான் தெரியும்!

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கணவர் சாலமோனின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் எழும்பிய வீடு இது. முன்பக்கம் பெரிய அறை. தெருவைப் பார்த்த ஜன்னல். அந்த அறைக்கு டைல்ஸ் எடுக்க ஸ்ரீபெரும்புதூரில் கடை கடையாக ஏறி இறங்கினாள் அந்தோணிமேரி. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துவிட்டுப் போன ஈரம் காய்வதற்குள், ஒரு சூப்பர்வைசர் வந்து, "ஒரே மாசம் தங்கிக்கிறேன் சார்" என்று கேட்டார். சாலமோன் தலையாட்டினார். அந்த ஒரு மாதம் இன்றுவரை முடியவில்லை. சூப்பர்வைசர் போனார், அவருடைய இடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். பிறகு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று ஆயிற்று. பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்து போனதும், நைட் ஷிஃப்ட் ஆள் வந்து அதே கட்டிலில் படுப்பான். போர்வைகூட ஆறுவதில்லை.

இந்த வீட்டில்தான் ஒரே மகள் லிடியா வளர்ந்தாள். சோறு கொதிக்கும் அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றினாள். மேலே யாரோ போடும் பாட்டைக் கேட்டபடியே பரீட்சைக்குப் படித்தாள். பெண் பார்க்க வந்த ஜெபர்சனிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க வூட்ல தனி ரூம் இருக்குமா?" இருக்கும் என்றான் அவன். உடனே சம்மதம் சொல்லிவிட்டாள். கல்யாணமாகிக் குன்றத்தூருக்குப் புறப்பட்ட அன்று லிடியா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகள் காரில் ஏறிய வேகத்தைப் பார்த்து அந்தோணிமேரிதான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்படித் திரும்பிப் பார்க்காமல் போனவள், வளைகாப்பில் வளையல் அடுக்கிய சில நாட்களில் ஃபோன் செய்தாள்.

"எம்மா, எனக்குப் பயமா கீதுமா. அங்க வந்துடட்டா?"

தலைப்பிரசவம். ஜெபர்சனுக்கு அம்மா இல்லை. அந்தோணிமேரிக்கு நெஞ்சு பொங்கியது. எந்த வீட்டை விட்டு ஓடத் துடித்தாளோ, அந்த வீட்டுக்கே வர ஏங்குகிறாள் மகள்! அன்றே கணவரிடம் போய் நின்றாள்.

"இத்தினி வருசத்துல உன்ன ஒண்ணும் கேட்டதில்ல. முன் ரூம காலி பண்ணிக் குடு. பொண்ணு வர்றா."

"என் பொண்ணுக்கு இல்லாத ரூமா? பண்ணிட்டாப் போச்சு" என்றார் சாலமோன்.

சொன்னபடியே பகல் ஷிஃப்ட் பையன்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனார்கள்.

"அந்த நைட் ஷிஃப்ட் பசங்க?" என்று கேட்டாள் அந்தோணிமேரி.

"அவங்ககிட்டயும் பேசியாச்சு. பேக்கெல்லாம் மாடியில கீது பாரு."

அவளும் நம்பினாள். டைல்ஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஜன்னலுக்குத் திரை வாங்கிக் கட்டினாள். சனிக்கிழமை மாலை வயிற்றைப் பிடித்தபடி வந்து இறங்கிய லிடியா, அறையைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "நம்ம வூடாமா இது?"

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போகும் முன் இடியாப்பத்தை வைத்துவிடலாம் என்று அந்தோணிமேரி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முன் அறையிலிருந்து லிடியாவின் அலறல் கேட்டது.

மாவுக் கையோடு ஓடினாள். கட்டிலில் போர்வையை இழுத்துப் பிடித்தபடி லிடியா சுவரோரம் ஒடுங்கியிருந்தாள். வாசலில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மூன்று பையன்கள். முன்னால் நின்ற மணிகண்டபிரபு திருநெல்வேலிப் பக்கம். அவன் கையில் இந்த அறையின் சாவி.

"யக்கா, மன்னிச்சிருங்க! அண்ணாச்சிதான் ராத்திரி மட்டும் தங்கச்சி படுப்பாவ, பகல்ல நீங்க படுத்துக்கிடுங்கன்னு சொன்னாவ. இன்னும் எந்திரிக்கலன்னு எங்களுக்குத் தெரியாதுக்கா."

மோட்டார் போட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கிய சாலமோன், எதுவுமே நடக்காததுபோல் பேசினார்.

"இன்னாத்துக்கு இப்பக் கத்துறீங்க? ராத்திரி பாப்பாவுக்கு, பகல்ல பசங்களுக்கு. பகல் பூரா அவ உங்கூட அடுப்பங்கரையிலதான இருப்பா? கட்டில் சும்மாதான கெடக்கும்?"

"பெத்த பொண்ணுக்கு ஷிஃப்ட் போட்டியாயா நீ?"

பின்னால் நின்ற பையன் ஒருவன் மெல்ல வாய் திறந்தான். "ஓனர், நாளைலேர்ந்து எங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நாங்களும் ராத்திரிதான் தூங்கணும்."

சாலமோன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, கடவுளே, அந்த மனுஷர் சொன்னதைக் கேளுங்கள்!

"அப்ப அடுத்த வாரம் பாப்பா பகல்ல தூங்கட்டும்."

லிடியா முதலில் சிரித்தாள். "கொழந்த எந்த ஷிஃப்ட்ல பொறக்கணும்ப்பா? அதையும் சொல்லிடு" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு உடைந்து அழுகையாயிற்று.

"நாங்க மொட்ட மாடியில படுத்துக்கிடுதோம் அண்ணாச்சி" என்றான் மணிகண்டபிரபு.

"நீ சும்மா இருப்பா. கொசுக்கடியில ரெண்டு நாள் படுப்ப, மூணாம் நாள் வேற வூடு பாத்துனு போய்டுவ." சாலமோன் மனைவி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "கொரோனாவுல எல்லா ரூமும் காலியாக் கெடந்துச்சே, மறந்துட்டியா மேரி? ஒரு ரூம் காலியாச்சுன்னா எனக்கு மூச்சே வர்லமே."

அவள் மறக்கவில்லை. அப்போது ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்துவிட்டு, வெறும் கட்டில்மேல் உட்கார்ந்து அழுத மனிதர் இவர். அன்று அவர் தலையை மடியில் வைத்துத் தேற்றியவளும் அவள்தான். ஆனால் அந்தப் பயத்தை இன்னும் எத்தனை காலம்தான் அவளே சுமப்பது? இப்போது அவள் மகளும் சுமக்க வேண்டுமா?

"இன்னிக்கே இந்த ரூமு என் பொண்ணுக்கு வேணும். பகலும் வேணும், ராத்திரியும் வேணும். முடியுமா முடியாதா?"

"இந்த மாசம் முடியட்டும்..."

லிடியா கட்டிலை விட்டு இறங்கி உடைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். "நான் குன்றத்தூருக்கே போறேன்மா. அங்க கதவையாச்சும் சாத்திக்கலாம்."

"நில்லுடி. நானும் வர்றேன்."

சாலமோன் வாசலை மறித்தார். "இன்னாமே இது? தலைப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வூட்டுக்கு வருவா. தாய் எங்கனா பொண்ணு வூட்டுக்குப் போவாளா? ஊரு இன்னா பேசும்?"

"தாய் வூடு எங்க கீது? காட்டு. அங்கயே படுக்க வெக்கிறேன்."

சாலமோன் வழியை விட்டு விலகினார். அடுப்பில் இட்டிலிச் சட்டி அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட அந்தோணிமேரி திரும்பவில்லை. மணிகண்டபிரபுதான் ஓடிப்போய் அணைத்தான்.

குன்றத்தூரில் லிடியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே இருப்பது ஓர் அறையும் சமையலறையும். அறையில் தாயும் சேயும் படுக்கிறார்கள். சமையலறையை மாமியாருக்கு விட்டுவிட்டு மாப்பிள்ளை ஜெபர்சன் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறான். அந்தோணிமேரி படுப்பது மறுபடியும் அடுப்புக்குப் பக்கத்தில். பக்கத்துப் போர்ஷன் பெண்கள், "இன்னாம்மா, பொண்ணு வூட்லயே செட்டில் ஆயிட்டீங்களா?" என்று கேட்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம், தான் தேடித் தேடி எடுத்த டைல்ஸ் ஞாபகம் வந்து எரிச்சலை மூட்டுகிறது.

சாலமோன் ஆஸ்பத்திரிக்கு வந்து பேத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். போன வாரம்தான் ஃபோன் செய்தார்.

"மேரி, முன் ரூம காலி பண்ணிட்டேன். பொண்ணையும் புள்ளையையும் இட்டுனு வந்துடு."

அந்தோணிமேரியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆனாலும் கேட்டாள்.

"பகல்லயுமா?"

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பையன், "ஓனர், மூணாவது மாடியில தண்ணி வர்ல" என்று கத்துவதும் கேட்டது. உள்ளே குழந்தை வீறிட்டது. "எம்மா!" என்று லிடியா அழைத்தாள்.

உடனே ஃபோனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 'ஆமா' என்ற ஒரு வார்த்தைக்காகக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலமோன்மேல் வந்த கோபத்தைவிட, அப்படி நின்ற தன்மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.