மேற்கே ஒரு பிளாட்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லப்போய் இன்னொன்றில் போய் நிற்பேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். காவலூரில் பஸ் ஏறி, மலைக்குக் கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணைக்கு வந்தவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய தங்கையான இவள்தான் எனக்கு எல்லாவற்றுக்கும் துணை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது, அவளுக்கு வாய் மூடாது.

ரத்தம் கொடுத்த பிறகு அங்கே ஆலோசனை சொல்லும் ஒரு அம்மா என்னை மட்டும் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான் பேசினார். ஒரு டெஸ்டில் எச்.ஐ.வி. இருப்பதுபோல் வருகிறது, இன்னொன்றில் இல்லை என்று வருகிறது, முடிவாகத் தெரிய ரத்தத்தைப் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும் என்றார். "பயப்படாதீங்கம்மா, வயசானவங்களுக்குச் சில நேரம் தப்பாவும் காட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "உங்க வூட்டுக்காரர் வெளியூர்ல வேலை பார்த்தாரா?" என்று கேட்டார்.

தலையை ஆட்டினேன். சாமை அறுப்பு முடிந்தால் எங்கள் மலை ஆட்கள் கர்நாடகத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போவார்கள். அவரும் வருடா வருடம் போனவர்தான்.

வெளியே வரும்போது அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, "வெஸ்டர்ன் பிளாட் போடணும். ரெண்டு வாரம் ஆகும், அப்புறம் வாங்க" என்றார். நாத்தனார் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

"இன்னா அண்ணி, பிளாட்டு போடறாங்களா? எங்க?"

வெஸ்டர்ன் என்றால் எங்களுக்கு அதுவரை தெரிந்தது ஆஸ்பத்திரிக் கக்கூஸ் ஒன்றுதான். பிளாட் என்றால் கல் நட்டு, மனை பிரித்து விற்பார்களே, அது. ரத்தத்தை எந்த மனைக்கட்டுக்குக் கொண்டுபோகிறார்களோ என்று நானும்தான் நினைத்தேன்.

"வெஸ்டர்ன்னா மேற்காலன்னு என் பையன் சொல்லுவான்" என்றாள் அவள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள். "புரிஞ்சிப் போச்சு அண்ணி. எங்கண்ணன் காப்பித் தோட்டத்து சம்பாத்தியத்துல மேற்கால எங்கியோ ஒரு பிளாட்டு வாங்கிப் போட்டிருக்கான். நம்மகிட்ட வாயே தொறக்காம போய்ட்டான் பாரு, கள்ளன்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"எவ பேர்ல வாங்கினானோ" என்றாள், இன்னும் சத்தமாக.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நானோ மலைமேல் ஏறும் வளைவுகள் எல்லாம் முடியும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த இரண்டு வாரமும் என் உயிரைப் பற்றி நான் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை. இத்தனை வயதுக்கு மேல் எது வந்தால் என்ன? அவரைப் பற்றித்தான் நினைத்தேன். ஒரு வருடம் தோட்டத்திலிருந்து காய்ச்சலோடு இளைத்து வந்தாரே, அது என்ன காய்ச்சல்? ஒரு தடவை எனக்குப் பொருந்தாத அளவில் வளையல் வாங்கி வந்தார். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார், நான் சிரித்தேன். இப்போது அந்த வளையலை மனசுக்குள் வேறொருத்தி கையில் போட்டுப் பார்த்தேன். அவர் வைத்த பலாவில் பழம் பழுத்து வாசம் வீடு முழுக்க வந்தது. அறுக்க மனம் வரவில்லை. மனிதரும் இல்லை, கேட்டால் பதில் சொல்ல.

மறுபடி போனபோது, அந்த அம்மாவோடு பெரிய லேபிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "இல்லம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அந்தப் பிளாட்டைக் காட்டும்மா" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடித்தாள் உறைக்குள் விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. புரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தேன். கலங்கலாக ஒரு கோடு தெரிந்தது.

"ஏம்மா, கோடு இருக்குதே!"

"அது விழணும்மா. அது விழலன்னாதான் டெஸ்டே தப்பு. நோவு இருந்தா அதுக்குக் கீழ வரிசையா கோடு கோடா விழுந்திருக்கும். உங்களுக்கு சுத்தமா இருக்கு பாருங்க."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். கிருமியின் புரதங்களை ஜெல் என்கிற மெல்லிய கூழ்ப்பலகையில் கரண்ட் வைத்து ஓடவிடுவார்களாம். சின்னது முந்தி ஓடும், பெரியது பின்தங்கும். அப்படிப் பிரிந்து நின்றதை ஒரு தாளில் ஒற்றி எடுப்பார்கள். அதன்மேல் நம் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டால், அந்தக் கிருமியோடு சண்டை போட்ட உடம்பாக இருந்தால் அங்கங்கே ஒட்டிக்கொண்டு கோடு காட்டும்.

"ஒத்துத்தாளா?" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மை காய்வதற்கு அழுத்தி எடுப்பாரே, அந்தத் தாள்.

"அதேதாம்மா! பிளாட்னா ஒத்துறது, மனை இல்ல." மேற்கு ஏன் வந்தது என்றும் சொன்னாள். முதலில் டி.என்.ஏ.வை இப்படி ஒற்றிப் பார்த்தவருடைய பெயருக்குத் தெற்கத்தி என்று அர்த்தம் வருமாம். அதனால் ஆர்.என்.ஏ.வை ஒற்றுவதற்கு வேடிக்கையாக வடக்கு என்றும், புரதத்துக்கு மேற்கு என்றும் பெயர் வைத்துவிட்டார்களாம். படித்தவர்களும் என் நாத்தனார் மாதிரிதான்.

அந்தத் தாள் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என் ரத்தத்தைப் பற்றித்தான் சொன்னது. அது எனக்குத் தெரியும். அவர் தோட்டத்தில் எப்படி இருந்தார் என்பதை எந்தத் தாளில் ஒற்றி எடுக்க முடியும்? ஆனாலும் அந்த வளையல், கடைக்காரன் ஏமாற்றிய வளையலாகவே மறுபடி ஆகிவிட்டது. அது போதும் எனக்கு.

வெளியே நாத்தனார் வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணி, பிளாட்டு நம்மளுதா?"

"இல்லியாம். அப்படி எதுவும் இல்லியாம்."

"அதானே பார்த்தேன். அவ்ளோ சாமர்த்தியம் ஏது எங்கண்ணனுக்கு!"

ரோட்டிலேயே நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் புரை என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போனதும் முதலில் பலாப்பழத்தை அறுத்தேன்.

கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, அதனால்தான் இதை எழுதினேன். ஆனால் வடக்கு எதற்கு, தெற்கு எதற்கு என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. கூழ், கரண்ட், தாள் எல்லாம் அந்தப் பெண் சொன்ன வரிசையில்தான் எழுதியிருக்கிறேனா என்றும் தெரியவில்லை. லேப் வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.