அணிலுக்குத் தீனி

மெழுகுக் கத்தி சுடரில் ஒரு கணம் நின்று வெளியே வந்தது. இடது கைக் கட்டைவிரல் மேல் தாடையின் கோரைப் பல்லைச் சாய்த்துப் பிடித்திருந்தது. சூடான முனை அடியில் ஓடியதும் பல் மெழுகுக்குள் மயிரிழை இறங்கியது. போதும் என்று விரல் நிறுத்தியது. பிறகு கைகள், மேல் கீழ் வார்ப்புகளைப் பூட்டிய பித்தளைத் தாடையைக் கீலில் மூடி, காதருகே கொண்டுபோயின. 'டக்' என்று ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். 'டகக்' என்று கேட்டது. எங்கோ ஒரு பல் மற்றவற்றை முந்திக்கொண்டு இடிக்கிறது. கத்தி மறுபடியும் சுடருக்குப் போனது.

"அக்கா, அணில் கூப்பிடுது," என்றான் சுண்ணாம்பு.

"பட்டினி கிடந்து சாகட்டும்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.

அணில் அவளுடைய கைப்பேசிக்குள் இருந்தது. அது அங்கே வந்து குடியேறிய கதை பெரிய கதை ஒன்றுமில்லை. ஆனால் அதற்குச் செலவான பேச்சில் ஊரிலுள்ள பொக்கை வாய்க்கெல்லாம் பல் கட்டியிருக்கலாம்.

பல் செட் செய்யும் பட்டறை அது. மருத்துவர்கள் ஈறின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். பின்னறையில் சுண்ணாம்பு அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையாக வார்ப்பான். தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளை பூத்திருப்பதால் அந்தப் பெயர். வார்த்த தாடை ஒரு தட்டில் ஏறி, முன்னறையில் மெழுகில் பல் அடுக்கும் ஜன்னலோர மேசைக்கு வரும். அது அவளுடைய மேசை. அச்சுக் கழுவ வந்து சேர்ந்தவள், பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே பல் அடுக்கக் கற்றவள். சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. திட்டியவர்கள் நிறையப் பேர்.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்காதவர்கள் அடுத்த வருடம் முதல் பல் அடுக்கக் கூடாது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, மேசையைத் துடைக்கிற மாதிரி விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்னை அனுப்ப மாட்டேன்மா. பின்னால பிளாஸ்டர் ரூம்ல இடம் இருக்கு."

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. இத்தனை வருடம் கழித்துக் குழம்பு கிண்டுவது போல பிளாஸ்டர் கிண்டுவதா? அன்றைக்கே தேர்வுக்குப் பணம் கட்டினாள். மற்றவர்களோடு சுண்ணாம்பும் கட்டினான். அவனுக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்தால் போதும்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை நுழைந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். பட்டறை முழுவதற்கும் அவர் மாப்பிள்ளைதான். மேற்படிப்பு என்று மூன்று இடத்தில் சேர்ந்து, மூன்றையும் பாதியில் விட்டவர். ஆனால் படிப்பைக் கண்காணிக்கும் கருவிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எந்தச் செயலியில் எந்த வண்ணம், எதில் மணி அடிக்கும், எதில் கைதட்டும் என்று மூச்சு விடாமல் சொல்வார். சமைக்கத் தெரியாதவன் வீட்டில் பாத்திரம் பளபளவென்று இருப்பது போல.

ஒரு நாள் வேலையை நிறுத்தி எல்லோரையும் உட்கார வைத்தார். சுவரில் புதிதாக ஒரு தொலைக்காட்சிப் பெட்டி.

"வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்களுக்குப் பெரிய பிரச்சினையே தொடர்ச்சிதான். அதனால ஒரு டூல் தேர்ந்தெடுக்கணும். இதுல நீங்க படிச்சா மரம் வளரும். இதுல தீ எரியும். இதுல அணில்."

"அணில் என்ன பண்ணும் மாப்பிள்ளை?"

"கொட்டை தின்னும்க்கா. நீங்க படிச்சா குண்டாகும். படிக்கலைன்னா இளைச்சுப்போகும்."

"பாடம் எதுல இருக்கு?"

"பாடம் புக்ல இருக்கு. அதையே போன்லயும் ஏத்திக் குடுத்திருக்காங்க. இது ட்ராக் பண்றதுக்கு."

"படிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியுமே."

"உங்களுக்குத் தெரியும்க்கா. எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் அன்று பேசியதில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். அதை அவரே கவனிக்கவில்லை. கை தூக்கச் சொன்னார். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்குமோ என்று பயந்து எல்லோரும் அணிலுக்குக் கை தூக்கினார்கள்.

கைப்பேசியில் பாடப் பக்கத்தைத் திறந்து வைத்தால் நேரம் ஓடும். சில நிமிடத்துக்கு ஒரு முறை அணில் முன்னங்காலைத் தூக்கும். அதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தூங்கிவிடும், கணக்கு நின்றுவிடும். தொட்டால் கொட்டை, சுவரில் பெயருக்கு எதிரே பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. வீட்டுக்குப் போன பிறகும் அது விடாது. சோற்றுக்கு உட்காரும்போது கீச்சென்று கத்தும்.

"பெத்த பிள்ளை கத்தினப்பகூட நீ இப்படி ஓடினதில்ல," என்றான் பேருந்து ஓட்டுநரான அவளுடைய கணவன்.

"பிள்ளை கத்தினா பசின்னு அர்த்தம். இது கத்தினா மாப்பிள்ளைக்குப் பொழுது போகலைன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுப் போய்த் தொட்டுவிட்டுத்தான் வந்தாள்.

சுண்ணாம்புக்கு அந்தப் பொறுமையும் இல்லை. பிளாஸ்டர் பிசைந்த கையோடு அணிலைத் தொட முடியாது. தொட்டால் திரையெல்லாம் வெள்ளை. துடைத்துவிட்டு வருவதற்குள் பிளாஸ்டர் இறுகிவிடும். ஒரு நாள் மதியம் அவன் பின்னறையிலிருந்து ரகசியமாகக் கை காட்டினான்.

"வாங்கக்கா, நம்ம பட்டறையிலேயே அதிகமா படிக்கிறது யாருன்னு காட்டுறேன்."

பிளாஸ்டரில் காற்றுக் குமிழி தங்காமல் இருக்க, அச்சை ஒரு சின்ன மேசையில் வைத்துக் கடகடவென்று அதிர விடுவார்கள். அந்த அதிர்வு மேசைமேல் ஒரு பழைய பித்தளைத் தாடை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மேல் வரிசையில் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரப் பஞ்சுத் துண்டு. கீழ் வரிசையைக் கழற்றிய இடத்தில் அவனுடைய கைப்பேசி. அணில் காலைத் தூக்க, தாடை கொத்த, கொட்டை விழுந்தது.

பொய்ப் பல்கூட இல்லாத பொய் வாய், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் இடுப்பிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து நீட்டினாள்.

"இதையும் வை. என் அணிலும் தின்னட்டும். மாப்பிள்ளை மூஞ்சிக்கு இது போதும்."

அந்த வாரம் வேலை குவிந்திருந்தது; ஒரு வாரம்தானே என்று நினைத்தாள். அடுத்த வாரமும் குவிந்தது. அவளுடைய அணில் பெருச்சாளி அளவுக்குக் கொழுத்தது. சுண்ணாம்பு முதலிடம், அவள் இரண்டாமிடம். மாப்பிள்ளை சுண்ணாம்புக்கு அணில் படம் போட்ட தண்ணீர் பாட்டிலைப் பரிசளித்து, கைகுலுக்கி, உள்ளங்கை வெள்ளையானதும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தாள். இப்படியும் ஒரு மனிதன், ஒரு தாடைக்குப் பரிசு கொடுக்கிறானே என்று.

ஒரு விடுமுறை நாளில் பழைய கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கேள்வி: பிளாஸ்டிக் அடைத்து வேகவைத்த பல் செட்டை அச்சோடு உடனே குளிர்ந்த நீரில் போடக் கூடாது, ஏன்?

போட்டால் கோணிக்கொள்ளும். அதுகூடவா தெரியாது? ஆனால் கேள்வி ஏன் என்று கேட்டது. ஏன் கோணிக்கொள்ளும்? பேனா முனை தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றது. அடுத்த கேள்விக்குப் போனாள். அதிலும் கைக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. கடைசிக் கேள்வி வரை அதே கதை. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அணில் தொப்பையைத் தடவிக்கொண்டு, 'நீங்கள் தேர்வுக்குத் தயார்' என்றது.

கோபம் வந்தது. மாப்பிள்ளைமேல் வரவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவன் முட்டாள், அவனை ஏமாற்றுவது ஒரு வேலையா? அந்த வேலையை மெனக்கெட்டுச் செய்துவிட்டுச் சிரித்திருக்கிறோம்.

மறுநாள் போய்க் கேட்டாள்.

"மாப்பிள்ளை, சாயங்காலம் ஒரு மணி நேரம் முன்னால விட்டீங்கன்னா டியூஷன் போவேன்."

அவர் சுவரைக் காட்டினார். "அது சிவப்பில இருக்கிறவங்களுக்குக்கா. நீங்க முழுப் பச்சை. உங்களை டியூஷனுக்கு அனுப்பினா மாமா என்னைப் பார்த்துச் சிரிப்பார்."

"பச்சையில என்ன இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குத் தன்னம்பிக்கைதான் கம்மி. டேட்டா பொய் சொல்லாதுக்கா."

பின்னறையில் தாடை படித்துக்கொண்டிருக்கும் சத்தம் அங்கே வரை கேட்டது. உண்மையைச் சொன்னால் சுண்ணாம்பின் வேலை போகும்.

நேரே பின்னறைக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த தாடையிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"என்னக்கா?"

"குளிர்ந்த தண்ணியில போட்டா ஏன் கோணிக்குது?"

"கோணிக்கும், அவ்வளவுதான்."

"ஏன்னு கேட்டேன்."

அவள் கைப்பேசியை எடுத்துக்கொண்டாள். "நாம ரெண்டு பேரும் நாசமாப் போறோம்டா."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனால் வேலை முடிந்ததாக அர்த்தம் இல்லை. வாங்குகிறவர் பார்த்து, சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குறை இருந்தால் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். எத்தனை மணி நேரம் செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அவளுடைய மேசைக்கு அப்படி வளையம் மாட்டிய தட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. வந்தால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காலித் தட்டில் பாடத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் போட்டுச் சுண்ணாம்பிடம் கொடுத்தாள்.

"இது நான் படிச்ச பாடம். காலையில கேளு. சரியா சொன்னா வாங்கிக்க. இல்லைன்னா வளையம் போட்டு என் மேசையில வை. உன் பாடத்தை எனக்குக் குடு."

"உங்க மேசையிலயா? எல்லாரும் பார்ப்பாங்களேக்கா."

"அதுக்குத்தானே."

காலையில் அவன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். அவள் சொன்னாள். அவன் தயங்கினான்; பிறகு வளையத்தை மாட்டினான். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு, கண்ணைக் குத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. முதலாளி போகிற போக்கில் நின்றார்.

"என்னம்மா, உன் மேசையில திரும்பி வந்த தட்டு? எந்த டாக்டர்?"

"டாக்டர் இல்லைங்க. என்னோடது."

அவர் புரியாமல் போனார். அவள் அன்று மதியம் சாப்பிடவில்லை. அடுப்படியில் நின்று, பேருந்தில் நின்று, அந்த ஒரே பாடத்தை முணுமுணுத்தாள். மேற்புறம் முதலில் ஆறும், உள்ளே சூடு நிற்கும், வெளியே சுருங்கும்போது உள்ளே சுருங்காது, அந்த இழுப்பில்தான் கோணும். மறுநாள் அவன் தட்டை வாங்கிக்கொண்டான். அவனுடைய தட்டை அவள் நாலு நாள் தொடர்ந்து திருப்பினாள்.

"இரக்கமே இல்லையாக்கா உங்களுக்கு?"

"அணில்கிட்ட போய்க் கேளு, நிறைய வச்சிருக்கு."

அணில்கள் மெலிந்தன. சுவர் சிவந்தது. மாப்பிள்ளை பதறிப்போய் வந்தார்.

"அக்கா, உங்க அணில் எலும்பும் தோலுமா கிடக்கு. முதல் ரெண்டு இடத்துல இருந்தவங்க நீங்க ரெண்டு பேரும். மோட்டிவேஷன் போயிடுச்சா?"

"அதுக்குப் பல் போயிடுச்சு மாப்பிள்ளை. ஒரு செட் கட்டித் தரட்டுமா?"

அவர் யோசித்தபடியே போனார். இரண்டு நாளில் முகம் மலர்ந்து திரும்பினார். அணிலில்தான் கோளாறாம். இன்னொரு செயலி பார்த்திருக்கிறாராம், அதில் ஆமை. மறுபடியும் எல்லோரையும் உட்கார வைத்தார். அவள் மட்டும் எழுந்து போய் விளக்கைப் பற்ற வைத்தாள். அவர் கோபிக்கவில்லை. ஆமையின் ஓட்டுக்கு என்ன வண்ணம் என்பதில் மும்முரமாக இருந்தார்.

எழுத்துத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தாலும் பதில் நேராக இருந்தது. மற்றவற்றில் சிலதை விட்டாள். இனி செய்முறைதான். அதில் தேறினால் மேசை, இல்லாவிட்டால் பின்னறை.

செய்முறைத் தேர்வுக்கு நீள மேசைகள், ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு தாடை. வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் ஆமைக்கு மாற்றாமல் விட்ட அணில் கூடைக்குள்ளிருந்து ஒரு முறை கீச்சென்றது. சுண்ணாம்பு அடுத்த வரிசையிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

நேரம் முடியப் போவதாகத் தேர்வாளர் அறிவித்தார். சிறிய, சலிப்பான மனிதர். காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த இளைஞன் மெழுகைப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல மினுக்கிக்கொண்டிருந்தான். பல் வரிசை வேலி சாய்ந்த மாதிரி நின்றது. அவள் தாடையை மூடிக் காதருகே வைத்தாள்.

'டகக்.'

"போதும்மா, குடுங்க," என்று தேர்வாளர் கை நீட்டினார்.

"இப்பக் குடுத்தா திரும்பி வரும் சார்."

"யார் திருப்பப் போறா? குடுங்க."

அவள் கத்தியைச் சுடரில் காட்டினாள். கோரைப் பல்லின் அடியில் முனை ஓடியது. கட்டைவிரல் அமுக்கியது, நிறுத்தியது. தேர்வாளரின் கை நீட்டியபடியே இருந்தது. மெழுகு ஆறும் வரை அவள் ஊதவில்லை. தானாக ஆறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மூடினாள்.

'டக்.'

தட்டில் வைத்து, சீட்டைச் சரியாகத் திருப்பி, பல் வரிசை அவர் பக்கம் பார்க்கிற மாதிரி நீட்டினாள்.

"இந்தாங்க. பார்த்து வாங்கிக்குங்க."