கிளட்ச் கால்

கோத்தகிரி – மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவர் இராஜமாணிக்கம். இடது முழங்காலுக்கு மேலே வலி எடுத்தபோது மனிதர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. வளைவுக்கு வளைவு கிளட்சை மிதிக்கிற காலில் வலி வராமல் வேறெங்கே வரும்? மலையில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் 'கிளட்ச் கால்' என்று சிரிப்பார்கள். அவரும் சிரித்தார், நீலகிரித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

வலித்த இடம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியதும் மனைவி உமாமகேஸ்வரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். மே மாத சீசன், ஜனம் குவிகிற நேரத்தில் லீவு கேட்பதா என்று தட்டிக்கழித்தார். சீசன் முடிந்தது, மழையும் முடிந்தது. வலி மட்டும் படுத்தால்கூட விடவில்லை.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். தொடை எலும்பில் குருத்தெலும்புப் புற்றுநோய் என்றார் டாக்டர். பெரும்பாலும் மெதுவாக வளர்கிற கட்டிதான். ஆனால் அதற்குள்ளேயே வேகமாகப் பரவுகிற இன்னொன்று கிளம்பியிருக்கிறது, அபூர்வமாகத்தான் இப்படி ஆகும், மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் லேசில் மசியாது என்றார். நுரையீரலுக்கு இன்னும் போகவில்லை. முன்பே வந்திருந்தால் எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைத்துப் பார்த்திருக்கலாம். இப்போது ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது. பாதித் தொடைக்குக் கீழே காலை எடுத்தால்தான் பிழைக்க வழி.

"அப்புறம் பஸ் ஓட்டலாமுங்களா?" என்று கேட்டார் இராஜமாணிக்கம்.

உமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைக் கேட்காமல் பஸ்ஸைக் கேட்கிற ஆளோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். டாக்டர் முடியாதென்று தலையசைத்தார்.

கால் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சை ஸ்கேன் பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் அதே பஸ்ஸில் மலை இறங்குகிறார்கள். அவருடைய இடத்துக்கு வந்த செலஸ்டின் முன்சீட்டைக் காலியாக வைத்திருப்பார். அதில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வருவார் இராஜமாணிக்கம். அந்த ஏக்கத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை.

வளைவு வரும்போதெல்லாம் வேட்டிக்குள் பாதித் தொடை கீழே அமுங்குவதை உமா ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். இந்த முறை பொறுக்க முடியவில்லை.

"செலஸ்டின் பாத்துக்குவாருங்க. நீங்க சும்மா உக்காருங்க."

"கிளட்ச மிதிச்சது தெரியுது, உமா," என்றார் அவர் தணிந்த குரலில். "இல்லாத பாதம் அது மேலயே நிக்குது. எடுக்கத்தான் முடியல."

அடுத்த வளைவு வந்தது. தொடை அமுங்கியது. செலஸ்டின் கியரை மாற்றிய சத்தம் கேட்டதும், உமா கையைக் கொடுத்து அந்தத் தொடையை மெல்லத் தூக்கிவிட்டாள்.