துணி எண்ணுகிறவள்

அந்தத் தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆறு செகண்டு வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட விரலை நீட்டிவிடும். இரண்டு கார்களை அக்கம்பக்கமாக நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் விரட்டும் பந்தயத்துக்கு அவன் கார் வைத்திருந்தான். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. கால் மைல் தார்ப்பாதை, அவ்வளவுதான். அவன் கார் அதை ஆறு செகண்டுக்குச் சற்று மேலே முடிக்கும். பார்க்க வந்தவன் மூக்கைச் சொறிந்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் எல்லாம் ஆகியிருக்கும்.

தொழில் லேத் பட்டறை. தண்ணீர் மோட்டாரின் தேய்ந்த ஷாஃப்ட், மில்லில் பல் உடைந்த சக்கரம், எது வந்தாலும் கடைந்து கொடுப்பான். கை சுத்தம். வேலைக்குப் பஞ்சமில்லை. பட்டறை சம்பாதித்ததையெல்லாம் அதன் பின்னால் தகரக் கொட்டகையில் நின்ற கார் தின்றது.

“காரை ஒரே தடவைதான் வாங்கினேன். ஆனா ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் மறுபடி வாங்க வேண்டியிருக்கு,” என்பான் சிரித்துக்கொண்டே. சிரிப்பு மட்டும்தான் வேடிக்கை, மற்றதெல்லாம் உண்மை. அந்த எஞ்சின் பெட்ரோல் குடிக்காது, மெத்தனால் குடிக்கும், அதுவும் வாளிக் கணக்கில். ஒருமுறை ஓடி வந்ததும் எஞ்சின் ஆயில் முழுவதையும் வடித்துவிட வேண்டும். வடித்ததை வெளிச்சத்தில் சாய்த்து, இரும்புப் பொடி மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். மின்னினால் பேரிங் போயிற்று. பேரிங் போனால் சில சமயம் பிஸ்டனும் போகும். பின் டயர்கள் சில ஓட்டங்களிலேயே தேய்ந்துவிடும். ஒரு ஜோடி டயரின் விலையில் வீட்டில் இரண்டு மாதம் அடுப்பெரியலாம்.

“ஒரு ஓட்டத்துக்கு ஆயிலைக் கொட்டிடுறியா? என் வண்டியில நாலு வருஷமா அதே ஆயில்தான் கிடக்கு,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள்.

“அதான் காலையில நாலு பேரு தள்ளினாதான் கிளம்புது,” என்றாள் அவன் மனைவி, மதில் மேலே துணி காயப் போட்டுக்கொண்டே.

அவள் அப்படித்தான். வெளியார் அவனை ஒரு சொல் சொல்ல விடமாட்டாள். சொல்ல வேண்டியதை வீட்டுக்குள் அவளும் அதிகம் சொன்னதில்லை. மழைக்குச் சமையலறைக் கூரை ஒழுகும், ஓடு மாற்றுவதை அடுத்த பந்தய சீசனுக்குத் தள்ளினார்கள். அவள் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து வருடக்கணக்காகிறது, அவள் இடப்பக்கமாகவே மென்று பழகிவிட்டாள். குழந்தை உண்டாக வைத்தியம் பார்ப்பதையும் இந்த சீசன் முடியட்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். சீசன்கள் முடிந்தன. பிறகு அந்தப் பேச்சும் முடிந்துவிட்டது.

ஆனாலும் பந்தயத்துக்கு அவள் வராமல் இருந்ததில்லை. எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றினால் சிலிண்டருக்கு ஒன்றாக எட்டுத் துளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் மொத்தமும் நாசம். அதனால் கழற்றிய உடனே ஒவ்வொரு துளையிலும் ஒரு துணியைத் திணித்து வைப்பார்கள். மூடுவதற்கு முன் எட்டையும் எடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு அவளுடையது. பளிச்சென்ற சிவப்புத் துணியில்தான் வெட்டுவாள், உள்ளே தங்கிவிட்டால் கண்ணில் படவேண்டும் என்று. அவன் எடுத்து எடுத்து நீட்ட, அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டே வாய்விட்டு எண்ணுவாள். கடைசியில், “எட்டு. மூடலாம்,” என்பாள். அந்தச் சொல் வராமல் அவன் ஸ்பேனரைத் தொடமாட்டான்.

போன சீசனில் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தள்ளும் தண்டு ஒன்று முறிந்து, பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. புது எஞ்சின் பிளாக்குக்காக லேத்தை விற்றான். மிஷின் போன இடத்தில் தரையில் நாலு போல்ட் துளைகளும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். லேத்தில் சம்பாதித்துக் காருக்குப் போட்டவன், காருக்காக லேத்தையே போட்டுவிட்டான். அவன் இன்னொருவன் பட்டறைக்குக் கூலிக்குப் போனான். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒருநாள் அவனாகவே, “வித்துடலாம்,” என்றான். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

வாங்க ஆள் கிடைத்தது. ஜல்லி வியாபாரி, காசுள்ளவர், ஆசை புதிது. ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வாங்குவேன் என்றார். அது நியாயம்தான். ஓடுகிற காருக்கு ஒரு விலை, ஓடாத காருக்கு இரும்பு விலை. லேத்தை வாங்கியவனும் நல்லவன், மாதக் கடைசிக்குள் பணம் வந்தால் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஒரே ஓட்டம். அது சுத்தமாக அமைந்தால் பட்டறை திரும்ப வரும், அவள் சலவைக்கூடத்திலிருந்து நின்றுவிடலாம், பல்லைப் பிடுங்கலாம்.

பந்தயத்துக்கு முந்திய நாள் அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“சிவப்புத் துணி தீர்ந்துபோச்சுங்க. என் பழைய நைட்டியைத்தான் வெட்டியிருக்கேன். சாம்பல் கலரு, உள்ள கிடந்தா தெரியாது.”

“நீதான் வருவியே.”

“லீவு கேட்டேன். போறதுன்னா அப்படியே போயிடும்மான்னு சொல்லிட்டாங்க.”

“ஒருநாளைக்கா?”

“நாளைக்கு நீங்க வித்துட்டு வாங்க, நான் வேலையை விட்டுடறேன். விக்காம நான் எப்படி விடறது?” கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சொன்னாள்: “வாய்விட்டு எண்ணுங்க. மனசுக்குள்ள எண்ணாதீங்க. உங்க மனசு நிக்காது.”

அவளுடைய தம்பி லாரி ஓட்டுகிறவன். அவன்தான் இவர்களுடைய டிரெய்லரில் காரை ஏற்றி இழுத்துக்கொண்டு கூட வந்தான். காலையில் முதல் ஓட்டம் பஞ்சு மாதிரிப் போயிற்று. சமீபத்தில் அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, ஜல்லி வியாபாரியைத் தேடினால் ஆளைக் காணோம். உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்.

“ஓடிடுச்சா? நான் பார்க்கலையே,” என்றார் குறைபட்டுக்கொண்டு. “இன்னொரு தரம் ஓட்டுங்களேன்.”

“சினிமாவா சார், அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்க?” என்று மச்சினன் முணுமுணுத்தான்.

மத்தியானம் இன்னொரு ஓட்டம் இருந்தது. எஞ்சினைத் திறந்து ஆயில் மாற்றி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாயிற்று. எட்டுத் துளையிலும் எட்டுத் துணி. ஒலிபெருக்கியில் வரிசை எண்ணைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

“மாமா, நம்மளத்தான் கூப்பிடுறாங்க. சீக்கிரம்.”

அவன் துணிகளை எடுக்கத் தொடங்கினான். வாய்விட்டு எண்ண வேண்டும் என்று நினைவு இருந்தது. ஆனால் ஜல்லி வியாபாரி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வாங்க வந்தவர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒண்ணு, ரெண்டு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மனதுக்குள் எண்ணினான். ஐந்தோ ஆறோ ஆகியிருக்கும்.

“ஏங்க, மைலேஜ் என்ன கொடுக்கும்?” என்றார் அவர்.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு டிரெய்லருக்குப் பின்னால் போனான். அவனுக்கும் அடக்க முடியவில்லை. கால் மைலுக்கு வாளி வாளியாய்க் குடிக்கிற எஞ்சினைப் பார்த்து மைலேஜ் கேட்கிறார் மனிதர். லேத் போன பிறகு அவன் அப்படிச் சிரித்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வியாபாரியும், எதற்கென்று தெரியாமலே, கூடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். துளைகள் எல்லாம் இருட்டாக, ஒன்றுபோல் தெரிந்தன. மூடி முடுக்கினான்.

எஞ்சினைக் கிளப்பியபோது சத்தத்தில் ஒரு இருமல் இருந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் ஒட்டாமல் தனியே பேசுகிற மாதிரி. வேறு நாளாக இருந்தால் அந்த நொடியே அணைத்திருப்பான். வேலியோரம் வியாபாரி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். சூடானால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

விளக்கு பச்சையானது. பாதிப் பாதைகூடப் போகவில்லை. எஞ்சினின் மேல்பாகம் வெடித்து வானத்துக்குப் போயிற்று. முகத்துக்கு முன்னால் ஒரு நெருப்புப் பந்து எழுந்து அணைந்தது. கார் தானாக உருண்டு நின்றது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மச்சினன் ஓடிவந்து கையைக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதான். பிளாக் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பாதையில் எண்ணெய் கொட்டியதற்கு அபராதம் என்று ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

“உயிர் தப்பிச்சீங்களே, அது போதும்,” என்றார் ஜல்லி வியாபாரி. நல்ல மனிதர். சற்று நின்றுவிட்டு, “டிரெய்லர் நல்ல கண்டிஷன்ல இருக்கும்போலயே. அதைத் தர்றீங்களா?” என்று கேட்டார்.

கொடுத்தான். அபராதம் கட்ட அது உதவியது. கார் மச்சினனின் சிநேகிதன் ஒருவனுடைய மணல் லாரியில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வீடு வந்தது. வழியெல்லாம் மச்சினன், பார்ட்ஸ் விற்றவனைத் திட்டிக்கொண்டே வந்தான். “மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான் மாமா. விடக்கூடாது அவனை.”

மறுநாள் கொட்டகையில் தனியாக எஞ்சினைப் பிரித்தான். மூன்றாவது சிலிண்டரில், மூட முடியாமல் நின்ற வால்வின் இடுக்கில் அது இருந்தது. கருகிச் சுருண்ட ஒரு துண்டு. மடித்துத் தைத்த ஓரம் மட்டும் எரியாமல் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வால்வு மூடவில்லை, நெருப்பு வந்த வழியே திரும்பிவிட்டது. பார்ட்ஸ்காரன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவள் வேலை முடிந்து வந்து கொட்டகை வாசலில் நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. முந்திய இரவு அவன் வெடித்துவிட்டது என்று மட்டும் சொன்னபோது, அடிபடலையே என்று கேட்டதோடு சரி. இப்போது, துவைத்துப் போடலாம் என்று மூலையிலிருந்த வாளியை இழுத்து, அழுக்குத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பழக்கம். உதடு தானாக எண்ணியது.

“…அஞ்சு, ஆறு, ஏழு.”

வாளியின் அடியைத் துழாவினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் மூடியிருந்த கையைத் திறந்து காட்டினான்.

அவள் அதை எடுத்து, தைத்த ஓரத்தை விரலால் தடவினாள்.

“வாய்விட்டு எண்ணலையா?”

“இல்ல.”

“ஏன்?”

“சிரிச்சிட்டேன்.”

“எதுக்கு?”

சொன்னான். வியாபாரி மைலேஜ் கேட்டதை, அதே குரலில். அவளுக்கும் உதடு கோணிக்கொண்டு வந்தது. சிரிப்பு பாதியில் பல்லைத் தொட்டிருக்க வேண்டும், சட்டென்று கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். கண் ஓரத்தில் நீர் வந்தது.

ஏழு துணிகளையும் துவைத்துக் கொடியில் போட்டாள். மாதக் கடைசி வந்தது, போனது. லேத்தை வாங்கியவன் அதற்கு வேறு பெயின்ட் அடித்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். துணிகள் காய்ந்து விறைத்து அங்கேயே கிடந்தன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அவற்றுக்கு அடியில் குனிந்து போனாள். அவனும் எடுக்கவில்லை.