மீரான் பாய் நிறுத்திய ஐந்து நிமிடம்

மீரான் பாய் இறந்த செய்தியை அவருடைய மைத்துனர் வந்து சொன்னபோது, நான் மாட்டுங்கா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். மேலப்பாளையத்தில், சொந்த ஊர் வீட்டில், முந்தின நாள் காலை நெஞ்சுவலி. மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். போய் முகம் பார்க்கக்கூட வழியில்லை. டப்பாவை மூடிவைத்தேன்.

தாராவியில் அவருடைய பட்டறைக்கு வண்டி கொண்டுபோனவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் பழைய காரின் கதை மட்டும் உங்களில் சிலருக்கே தெரியும். எஞ்சினுக்கு ஆயில் சரியாகப் போகாவிட்டால் எரிகிற சிவப்பு விளக்கு, எண்பத்து மூன்றில் காரணம் தெரியாமல் எரியத் தொடங்கியது. வண்டியை நிறுத்தி, சற்றுப் பொறுத்துக் கிளப்பினால் அணைந்துவிடும். பாய் ஆயிலை மாற்றினார், வயரை மாற்றினார், சுவிட்சை மாற்றினார். ஆயில் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டினார். பட்டறையில் அது ஒழுங்காகவே காட்டியது. நாலாவது முறை போனபோது கையைத் துடைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியல ஸார். பொய் சொல்ல மாட்டேன்” என்றார்.

பக்கத்துப் பட்டறைக்காரர் பல்பைக் கழற்றிவிடச் சொன்னார். பாய்க்குக் கோபம் வந்தது. “பல்பப் புடுங்கிட்டா எஞ்சின் சரியாயிருமாவே?” என்று அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “லைட்டு எரிஞ்சா அந்த எடத்துலயே நிறுத்திரணும் ஸார். எஞ்சின் எறுகிட்டுன்னா நான் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது, சொல்லுதேன்.”

என் மனைவி கல்யாணிக்கு அப்போது எட்டாம் மாதம். ஜூலை மழை, ரயில்கள் நின்றுபோன ஒரு நாள். விளக்கு எப்போது எரிகிறது என்று ஓட்டிப் பார்ப்பதற்காகப் பாய் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பகல் இரண்டு மணிக்குக் கல்யாணிக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்தது. டாக்சி கிடைக்கவில்லை. பாய் ஒன்றும் கேட்காமல் கார்க் கதவைத் திறந்தார்.

சயானை நெருங்கும்போது விளக்கு எரிந்தது. பாய் வண்டியை ஓரம் கட்டினார்.

“நிறுத்தாதீங்கோ பாய், போங்கோ!” என்று கத்தினேன்.

“ஓட்டுனா நடுரோட்டுல நின்னுரும் ஸார். அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம்.”

கொட்டும் மழையில் பானெட்டைத் திறந்து குனிந்து நின்றார். கல்யாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “போகச் சொல்லுங்கோ, போகச் சொல்லுங்கோ” என்று முனகிக்கொண்டிருந்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மறுபடி கிளப்பியபோது விளக்கு அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். கல்யாணி பிழைத்தாள். ஆண் குழந்தை, அழவேயில்லை.

வீட்டிலேயே குழந்தையின் துடிப்பு நின்றிருக்கலாம், ஐந்து நிமிடத்தில் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். அந்த ‘இருக்கலாம்’ பாயைப் பிடித்துக்கொண்டது. நனைந்த சட்டையோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “உங்க தப்பில்லை பாய்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, எஞ்சினை முழுதாக இறக்கிப் பிரித்தார். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு துணித்துண்டு. எந்தக் காலத்திலோ யாரோ உள்ளே விட்டது. எஞ்சின் ஓடினால் சில நேரம் குழாயை அடைக்கும், நின்றால் நழுவிவிடும். அப்படியென்றால் அன்று நிறுத்தியதுதான் சரி. நிறுத்தாமல் போயிருந்தால் வழியிலேயே கிடந்திருப்போம். அதை அவரிடம் விளக்கிச் சொன்னேன்.

“மொதல்லயே எறக்கிப் பாத்திருக்கணும் ஸார். நாந்தான் பாக்கல” என்றார்.

இரண்டு வருஷத்தில் மகள் பிறந்தாள். பார்க்க வந்த பாய் வாசலைத் தாண்டவில்லை. கல்யாணி குழந்தையை நீட்டி, “வாங்கிக்கோங்கோ அண்ணா” என்றாள். குழாயடிக்குப் போய் நெடுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது. அவரும் அழுதார்.

‘உங்க தப்பில்லை’ என்று அன்று நான் மறுபடி சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும். டாக்டர் சொன்ன பிறகும், துணியைக் கண்ணால் பார்த்த பிறகும், என் மனத்தின் ஒரு மூலை அந்த ஐந்து நிமிடத்தை எண்ணிக்கொண்டேதான் இருந்தது. பாய் அதைக் கண்டுகொண்டிருப்பார். மழை மீதோ விதி மீதோ அவர் ஒரு நாளும் பழி போட்டதில்லை. அந்த நேர்மையைத்தான் அவரிடமிருந்து பெற்று வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல ஆசை. என்னிடம் இருப்பதோ, அவருக்கு இரண்டாம் முறை சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தைதான்.